பதில் இல்லை

அரவேணு வளைவுகளில் மூன்றாம் முறை ஏறுகிறேன்.
பெட்ரோல் காசு என்னுடையது.

தோஹாவிலிருந்து குருவில்லா சாரின் குரல் செய்தி:
"ஆறு மணி ஆனால் கேட் விளக்கு சாகிறது,
எட்டு மணிக்குத் தானாகப் பிழைக்கிறது.
போனுக்குள் வீடு இருக்கிறது,
வீட்டைத் தொட்டால் ‘பதில் இல்லை’ என்கிறது.
பேய் பங்களாவையா என் தலையில் கட்டினார்கள்?"

முதல் முறை சுவர்மேல் பழி போட்டேன்.
இரண்டடிக் கருங்கல்,
உள்ளே போன அலை வெளியே வர வழி கேட்கும்.
ஹப்பை வைஃபை பெட்டியின் காதோரத்திலிருந்து விலக்கி
சானலைப் பதினொன்றிலிருந்து இருபத்தைந்துக்கு மாற்றினேன்.
நாலு நாள் ஒழுங்காக இருந்தது.

(அந்த நாலு நாளும் சிவநேசன் லீவில் வந்திருந்தார்.
அது யாரென்றே அப்போது எனக்குத் தெரியாது.)

இரண்டாம் முறை குளிர்மேல்.
தை மாதத்து உறைபனியில்
பட்டன் பேட்டரியின் வோல்ட் விழுந்துவிடும்,
தண்ணீர்த் தொட்டி சென்சார் வாயைத் திறக்காது.
எல்லாவற்றுக்கும் புதிது போட்டேன்.
பழையவை மேஜைமேல் கிடந்தன,
மீட்டர் வைத்துப் பார்த்தால்
பாதிக்கு மேல் உயிரோடு.

இன்று போகாமல் உட்கார்ந்துவிட்டேன்.
லேப்டாப்பில் வீடு
புள்ளிகளும் கோடுகளுமாக,
அவசரத்தில் போட்ட கோலம் போல.

ஆறு நாலு.
நடைவழிப் புள்ளி அணைந்தது.
அதைப் பிடித்துத் தொங்கிய கேட் விளக்கு,
மோட்டார், தொட்டி சென்சார்
ஒவ்வொன்றாகக் கோடு அறுந்து உதிர்ந்தன.

ஓடினேன்.

நடைவழியில் தவமணியக்கா, வீட்டைப் பார்த்துக்கொள்பவர்,
சுவரோடு ஒட்டி நிற்கிறார்.
முழ நீளம்கூட இல்லாத சார்ஜர் வயர்,
காதுக்கும் பிளக்குக்கும் நடுவே விறைப்பாக.
நான் மாட்டிவைத்த வெள்ளைப் பிளக்
ஜன்னல் விளிம்பில்,
மடித்த துணிமேல்,
அடிபடாமல்.

"இந்த எடத்துலதான்ணே ஒரு கோடு காட்டும்.
போனுலயும் சார்ஜ் நிக்க மாட்டேங்குது.
பேசி முடிச்சதும் மறுபடி மாட்டிருவேன்,
ஒரு நாளும் மறந்ததில்ல."

மறுமுனை திருப்பூர்.
தையல் மெஷின்களின் இரைச்சல் எனக்கே கேட்டது.
இரண்டு மணி நேரம் என்னதான் பேசுவார்கள்
என்று நினைத்தேன்.
பேசவில்லை.

"இருக்கியா?"
"ம்."

மெஷின் ஓடுகிறது. இங்கே குக்கர் ஒரு விசில்.

"இருக்கீங்களா?"
"இருக்கேன், இருக்கேன்."

என் கருவிகளும் இதையேதான் கேட்டுக்கொள்ளும்.
மூன்று முறை பதில் வராவிட்டால்
வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

பையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்தேன்.
கருங்கல்லில் திருகு இறங்கவில்லை,
மரச்சட்டத்தில் முடுக்கினேன்.
ஒன்றில் வெள்ளைப் பிளக்,
ஒன்றில் அவர் சார்ஜர்,
ஒன்று சும்மா.
துளைபோடும் சத்தத்தில்
"யாரு அது?" என்றது திருப்பூர்.
"லைட்டுக்காரண்ணன்" என்றார்.

புள்ளிகள் வந்தன.
தொட்டி சென்சார் மட்டும் வரவில்லை.
அறுந்த வழியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும் பிடிவாதம்.
டார்ச்சோடு மேலே ஏறி
பேட்டரியைக் கழற்றி
பத்து எண்ணினேன்.
விரல் மரத்துப் போய்
ஆறோ ஏழோ குழம்பியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

"பேய் என்ன ஆச்சு?" என்று சார் கேட்டார்.
"ஒரு பிளக் பாயின்ட் பத்தல சார்."
"அவ்வளவுதானா? மூணு தடவை வந்தீங்களே?"
பில்லில்
பெட்டி முந்நூற்று நாற்பது என்று எழுதினேன்.
கூலிக் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

குஞ்சப்பனை தாண்டுகையில் போன் அதிர்ந்தது.
"எரிகிறது. ஆனால் இரண்டு நொடி தாமதம்."

வண்டியை ஓரங்கட்டி
கையுறையைக் கழற்றி
பதிலைத் தட்டி அனுப்பினேன்.
போகவில்லை.
சுற்றிக்கொண்டே இருந்தது
அந்தச் சின்ன வட்டம்.