நான்கு கொத்து

மக்காச்சோள மாவு
விரலிடுக்கில் நறநறக்கிறது.
குளிரில் உறைந்த தேன் ஜாடியை
அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒற்றைக் கையால்
வெண்ணெயைக் குழைக்கிறாள் நீவெஸ்.

ரோஸ்மேரி மட்டும் அவளுடையதல்ல.
எர்மெஸின் சுவரைத் தாண்டி
இந்தப் பக்கம் தொங்கிய கிளை.
உன் தேனீ கொட்டியது என்று
உதீனே கோர்ட்டில்
வழக்குப் போட்டவன் அவன்.
இருட்டில் கிள்ளியது
நான்கே கொத்து.

அடுப்பில் கேக் உப்பி
நடுவில் வெடித்தது,
கோடையில் தல்யமெந்தோ
ஆற்றுப்படுகைபோல.
ஜன்னலைச் சாத்தினாள்.
மணம் சாட்சி சொல்லிவிடும்.

பிறகு என்ன நினைத்தாளோ,
இரண்டு கதவையும்
விரியத் திறந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்
நாற்காலி நகரும் சத்தம்.
ஒரு இருமல்.

கத்தியைத் தேடுகிறாள்,
ஒரு துண்டா இரண்டா என்று
இன்னும் முடிவாகவில்லை.