வெள்ளை நிற உலோகம்

மகஜரில் என் கொலுசை
'வெள்ளை நிற உலோகம், ஒரு ஜோடி' என்று எழுதினார்கள்.
வெள்ளி என்றேன்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
ஏழு வருஷம் கொலுசு பற்றவைத்தவள் நான்.
"அதையெல்லாம் கோர்ட்டு சொல்லணும்மா" என்றார் ஏட்டு.

அன்றிரவு லாட்ஜின் பின்படியில்
ஆறு ஆண்கள் இறங்கிப் போனார்கள்.
ஒருவர் செருப்பை விட்டுவிட்டார்.
செருப்பு மகஜரில் இருக்கிறது.

முன்வாசலில் எங்களுக்குத் துப்பட்டா கொடுத்தார்கள்.
மூடிக்கோ, உன் நல்லதுக்குத்தான்.
மூடினேன்.
புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நின்றிருந்த அத்தனை செல்போனும்
கொலுசுத் தடம் மட்டும் மிச்சமிருந்த
என் கால்களைப் படம் பிடித்தன.

காகிதத்தில் நான் சசிரேகா இல்லை,
பாதிக்கப்பட்டவர் எண் மூன்று.
பெயரை மறைப்பது என்னைக் காக்கவாம். சரி.
அப்புறம் விசாரணைக்குப் போன அம்மா
பனங்காட்டில் எங்கள் சந்தில், வீடு வீடாக
என் போட்டோவை நீட்டி
பொண்ணு எப்படி என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு இருபத்தாறு. சொன்னேன், ஆதாரும் சொன்னது.
இருந்தாலும் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள்.
பெண் சொல்வதைவிட
அவள் எலும்பு சொல்வது நம்பகமானது போலும்.

வற்புறுத்தினாங்களா, நீயா சம்மதிச்சியா?
ரெண்டில் ஒன்றைச் சொல்.
கிலோவுக்கு இவ்வளவு என்றிருந்த கூலி பாதியானது,
குழுக்கடன்காரர் செவ்வாய்தோறும்
எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தது,
ஓட்டல் வேலை என்று கூட்டிப்போன தனசேகர்
மூன்றாம் நாள் கதவை வெளியே தாழிட்டது,
இருபதாம் நாள் தாழிடாமல் விட்டும்
நான் எங்கேயும் போகாமல் இருந்தது —
இதெல்லாம் எந்தப் பதிலில் அடங்கும், சொல்லுங்கள்.

காப்பகம் ஏற்காடு அடிவாரத்தில்.
"இது ஜெயில் இல்ல" என்பார் வார்டன்
சாவியை இடுப்பில் செருகியபடி.
தனசேகர் பதினெட்டாம் நாளே ஜாமீனில் போனான்.
எனக்கு எட்டாவது மாதம்.
பற்றவைக்கத் தெரிந்தவளுக்கு
மெழுகுவர்த்தி ஊற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள்,
மறுவாழ்வாம்.

ராத்திரி கடைசி பஸ் மலையேறும்.
கொண்டை ஊசி வளைவுகளில் அதன் வெளிச்சம்
தெரியும், மறையும்.
இருபது வளைவு என்பார்கள். எண்ணிப் பார்த்தேன்,
ஒரு நாளும் பதினேழைத் தாண்டவில்லை.
சிலநாள் தூங்கிவிடுகிறேன்.

வெளியே விடத் தகுந்த ஆள் வேண்டுமாம்.
அப்பா இல்லை. கட்டியவன் திருப்பூரில் வேறு குடும்பம்.
வந்து நின்றது அக்கா புருஷன்.
தேய்த்த சட்டை, ஆதார் நகல், போட்டோ ரெண்டு.
தனசேகர் நம்பரை எனக்குக் கொடுத்ததே இவர்தான் என்றேன்.
"எழுத்துல ஏதாச்சும் இருக்கா?"

என் கையெழுத்துக்குக் கடன் கொடுத்தார்கள்.
என் விரலில் ஓட்டு மை வைத்தார்கள்.
என்னை வெளியே விட மட்டும்
என் கையெழுத்து போதாது.

அஸ்தம்பட்டி கோர்ட்டில் நீதிபதி அம்மா
கனிவாகத்தான் கேட்டார்: யாரோட போற?
என்னோட, என்றேன்.
டைப் அடித்தவர் கை நின்றது.
அந்தக் கட்டத்தில்
உறவுமுறை எழுத வேண்டுமாம்.

வாய்தா கொடுத்தார்கள்.

கொலுசைக் கேட்டு மனுப் போட்டிருந்தேன்.
பில் இருக்கா என்றார் சொத்து அறைக் குமாஸ்தா.
நான் செய்தது, பில் கிடையாது.
கொக்கிக்குப் பக்கத்தில் மூன்றாவது கண்ணி,
பற்றுப்பொடி கொஞ்சம் வழிந்திருக்கும்.
அன்றைக்குக் காய்ச்சல், கை நடுங்கியது.
பாருங்கள் என்றேன்.

அரக்கு முத்திரையை உடைக்கக் கூடாது,
வழக்கு முடியட்டும் என்றார்.
பிறகு யாரும் பார்க்காதபோது
பொட்டலத்தைக் காதருகே வைத்து லேசாகக் குலுக்கினார்.
"வெள்ளிதான் போலிருக்கு."
எழுதிக்கொள்ளவில்லை.