மூன்றாம் முறை

பயிற்சியின் இரண்டாம் நாள்.
எல்டொரெட் விடுதி மாடியில்
தொப்பிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுத்தோம்.
பதினேழு வார்டுகளின் பொறுப்புச் செவிலியர்;
பாதிப் பேரின் கைப்பேசி
மேசைக்கடியில் துடித்தபடி.

என் சீட்டில்:
நீ தாமதமாக வரும் செவிலி. இது மூன்றாம் முறை.
எதிரே கிடாலேயின் பராசா,
அறுவை அரங்கைக் கட்டி மேய்க்கிறவன்.
அவன் அதிகாரி.

"ஏன் தாமதம்?"
நான் எதையும் யோசித்து வைக்கவில்லை.
வாயைத் திறந்தேன்,
நஃபுலா பேசினாள்.

மழைக்காலத்தில் ஐந்து மணிக்கு மத்தாத்து வராது, சார்.
பாலம் வரை நடை.
சோளக்காட்டு ஓரம் ஒரு ஈ காக்கை இருக்காது,
காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

போன மாதம் இதே சொற்களை
அவள் நின்றபடி சொன்னாள்,
நான் உட்கார்ந்தபடி கேட்டேன்.
கேட்டேன் என்றா சொன்னேன்?
எழுதிக்கொண்டிருந்தேன்.
எச்சரிக்கைக் கடிதம், இரண்டு நகல்,
கீழே ஜெப்கோஸ்கே என்று என் கையெழுத்து.

அறை கைதட்டியது. நன்றாக நடிக்கிறேனாம்.
பராசா மட்டும் தட்டவில்லை.
தேநீர் வேளையில் சர்க்கரையை என் பக்கம் தள்ளி
"யார் அவள்?" என்றான்.
பெயரைச் சொன்னேன்.
"மழையில் பிறந்தவளுக்கு வைக்கிற பெயர்" என்றான்.

எனக்கு நரம்பு உடனே அகப்படும்,
குறைமாதக் குழந்தையின் நூலிழை நரம்பும்.
அதற்காகத்தான் பொறுப்பில் வைத்தார்கள்.
வைத்த மறுநாளே ஊசியை வாங்கிக்கொண்டு
பென்சிலும் அழிப்பானும் தந்தார்கள்.
முப்பத்தொரு கட்டம், பத்தொன்பது பெயர்.
ஆறு வருடம்
அழித்தே கற்றேன்.

திரும்பி வந்ததும் கேட்டேன்:
பணிமாற்றத்தை அரைமணி தள்ளலாமா?
ஒரு வார்டுக்கென்று முடியாது.
அந்தக் கடிதத்தை எடுத்துவிடலாமா?
கோப்புக்குள் போனது போனதுதான்.

ஆகவே மழை விடும்வரை
ஆறு முதல் ஆறரை
அவள் கட்டில்களை நான் பார்க்கிறேன்.
வியாழன் இரவு போனில் சொன்னபோது
"இது தலைமை இல்லை,
ஓட்டைக்கு விரல் வைப்பது" என்றான் பராசா.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
"சரி, மனுவை நீ எழுது.
என் அரங்கின் பெயரையும் சேர்."

இன்று ஆறு இருபத்தெட்டு.
நஃபுலா வந்தாள், முழங்கால்வரை சேறு.
மன்னிப்பு என் தொண்டைவரை வந்திருந்தது.
என்னைப் பாராமல் கை கழுவினாள்.
"ஒன்பதாம் கட்டிலில் சொட்டு நின்றிருக்கிறது, சிஸ்டர்.
நீங்கள் கவனிக்கவில்லை."

போய்ப் பார்த்தேன்.
நின்றுதான் இருந்தது.