மூல காரணம்

காலை நாலேகாலுக்கு வந்திருக்கிறது மெயில்.
நான் பார்த்தது ஆறு மணிக்கு, பால் பொங்கும்போது.
'உங்கள் கடை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.'
ஆள் பெயர் இல்லை.
'விற்பனையாளர் தரக் குழு' என்று மட்டும்.

பேட்டையில் என் கடைக்குக் கதவு கிடையாது,
அதனால் பூட்டவும் முடியாது என்று நினைத்திருந்தேன்.
மாடியறை, ஒரு தராசு, லேபிள் அடிக்கும் மிஷின்,
உறைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு நைட்டி.

குறை விகிதம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டக் கூடாதாம்.
எனக்கு இரண்டு புள்ளி மூன்று.
ஐநூற்று அறுபத்தைந்து ஆர்டரில் பதின்மூன்று.

பதின்மூன்றையும் நோட்டில் எழுதினேன்.
ஒன்பது, ஆற்றில் வெள்ளம் வந்த வாரம்.
கொக்கிரகுளத்தில் ரோடெல்லாம் தண்ணீர்,
நெல்லைநாயகத்தின் வேன் தச்சநல்லூரைத் தாண்டவில்லை.
"யக்கா, வண்டிக்குள்ள மீனு வந்துரும் போலருக்கு" என்று
போனில் சிரித்தான்.
மூன்று, உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்பியவை.
ஒன்றின் பையில் மல்லிகைக் காம்புகூட இருந்தது.
இன்னொன்று,
அதை அப்புறம் சொல்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு ஒரு கட்டம் தருகிறார்கள்.
'மூல காரணம் என்ன?' ஆயிரம் எழுத்துக்குள்.
தாமிரபரணி என்று எழுதினேன்.
குறுக்குத்துறைக் கோயில் தண்ணீருக்குள் நிற்கும்
போட்டோவும் வைத்தேன்.
நாலே நிமிஷத்தில் பதில்:
'விவரம் போதாது. இது மீண்டும் நிகழாதிருக்க
நீங்கள் எடுக்கும் நடவடிக்கை என்ன?'

ஆற்றை என்ன செய்யச் சொல்கிறார்கள்.

சரி, அந்த ஒன்று.
டபுள் எக்ஸெல் தீர்ந்துபோயிருந்தது.
எக்ஸெல்லில் லேபிளை மாற்றி ஒட்டி
கரூரில் யாரோ ஒருத்திக்கு அனுப்பினேன்.
'மாசமா இருக்கேன், கையே நுழையல'
ஒற்றை ஸ்டார்.
அவர்கள் கணக்கில் அதுவும் ஒன்று,
மூழ்கிய ரோடும் ஒன்று.

இரண்டாம் தடவை அதை எழுத உட்கார்ந்தபோது
எதிரே உறைபோட்டு நின்றது ஓவர்லாக் மிஷின்.
சொர்ணக்கிளி உட்கார்ந்த இடம்.
ஆவணியில் மூன்று உருப்படி தையல் பிரிந்ததற்கு
'நாளைலருந்து வர வேண்டாம்' என்று
ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவளுக்கு எழுத ஒரு கட்டமும் தரவில்லை.

இன்றைக்கு ஏழாவது நாள். மெயில் இல்லை.
அவள் நம்பரைப் போட்டேன்.
எடுக்க மாட்டாள் என்றிருந்தேன்.
"சொல்லுங்க" என்றாள்.
அவளுக்குப் பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது,
வேறு யாருடைய துணியிலோ.