மூன்றாவது அம்பு

திருப்பத்துக்கு முன்னால் இரண்டு,
திருப்பம் கடந்ததும் ஒன்று.
ஆர்டிஸின் கணக்கு அது.
முதல் இரண்டும் வழி காட்ட.
மூன்றாவது,
சரியாகத்தான் வந்திருக்கிறாய், மிதி என்று சொல்ல.

நாளைய சவாரிக்கு நூற்றிருபது பேர்.
அறுபத்திரண்டு மைல், நான்கு ஏரி,
கழிப்பறை திறந்துவிடச் சம்மதித்த லூத்தரன் தேவாலயங்கள் இரண்டு,
முடிவில் தீயணைப்பு நிலையத்தில் வேகவைத்த சோளம்.
நான் பிக்கப்பை நடைவேகத்தில் உருட்டுகிறேன்.
அவள் கதவைச் சாத்துவதே இல்லை.
ஆரஞ்சு டப்பாவைக் குலுக்கிக்கொண்டே குதிக்கிறாள்.
உள்ளே அந்தச் சின்னக் குண்டு கடகடக்க
வேலிக்கு அப்பால் தலை தூக்குகின்றன
ஹோல்ஸ்டீன் மாடுகள், தீவனம் என்று நம்பி.

விஸ்கான்சினின் இந்த மூலையில்
சாலைகளுக்குப் பெயர் கிடையாது, எழுத்துதான்.
இரட்டை டி-யில் போய் ஜே-யில் இடப்பக்கம்.
அரிச்சுவடி தெரிந்தவன் தொலைய மாட்டான் என்பார்கள்.
நான் தொலைந்திருக்கிறேன்.

இவ்வளவு வழவழப்பும் சைக்கிளுக்காகப் போட்டதில்லை.
பால்.
பனியோ சேறோ, விடிவதற்குள்
ஒவ்வொரு தொழுவத்து வாசலுக்கும்
லாரி வந்தாக வேண்டியிருந்தது.
அதனால்தான் வாத்து மட்டும் போகிற முடுக்குக்கும் தார்.
நாளை மினியாபொலிஸிலிருந்து வரும் வக்கீல்கள்
மெல்லிய டயரில் வழுக்கிக்கொண்டு போகட்டும்,
யாருக்குக் கடன் என்று தெரியாமல்.

முப்பத்தெட்டாவது மைலில் நின்றோம்.
ஏரியின் மேற்குக் கரை நெடுக
நேற்றுத்தான் தார் தெளித்துப் பொடிக்கல் கொட்டியிருக்கிறார்கள்.
இறங்கி ஒரு காலால் தேய்த்துப் பார்த்தேன்.
சர்க்கரை சிந்திய தரை போல நகர்ந்தது.
இதில் சைக்கிளை விட்டால் ஒருவனுக்கும் முழங்கால் மிஞ்சாது.

ஆர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
டப்பாவைக் குலுக்குவதை நிறுத்தினாள்.

கிழக்குக் கரைக்கு ஒரே சாலை.
அதில் ஒரே வீடு.
லேலண்ட் ப்ரன்ஸ்வோல்ட்.
அவள் வயலும் அவன் வயலும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
வேலி ஒன்பதடி நகர்ந்தது எப்படி என்பதற்கு
அவளிடம் ஒரு வரைபடம் உண்டு, அவனிடம் ஒன்று.
பதினோரு வருடமாக
அந்தப் பக்கம் அவள் ஸ்டீயரிங் திரும்பியதில்லை.

இன்று ஸ்டீயரிங் என் கையில்.

ஒருபக்கம் சோயா, மறுபக்கம் தண்ணீர்,
நடுவே ஒரு வண்டிக்கு மட்டும் தார்.
ஒரு லூன் பறவை முங்கியது.
எழும் என்று நான் பார்த்திருந்த இடத்தில் எழவில்லை.

திருப்பம் அவன் தபால் பெட்டிக்கு நேராக,
வேறு எங்கே இருக்கும்?
அவள் குனிந்து முதல் அம்பை அடித்து முடிக்கவில்லை,
கையில் கிரீஸ் பம்புடன் வந்துவிட்டான்.
"அது என் பெட்டி."
"இது கவுண்டியின் சாலை."
"எத்தனை பேர்?"
"நூற்றிருபது."
ஏரியைப் பார்த்தான், ஏதோ அங்கே எழுதியிருப்பதுபோல.
"எப்போது?"
"பத்துக்கு மேல்."
"பத்துக்கு நாயை அவிழ்ப்பேன்."
அவள் டப்பாவைக் குலுக்கினாள்,
பெயின்ட்டுக்குத் தேவையானதைவிட வெகுநேரம்.
"பன்னிரண்டுக்கு அவிழ்."

சரி என்று அவன் சொல்லவில்லை.
பூட்ஸின் பக்கவாட்டால்
சாலையில் கிடந்த சரளையை ஓரம் ஒதுக்கினான்,
இரண்டாவது அம்பு விழ வேண்டிய அளவுக்கு.

திருப்பம் தாண்டி நிறுத்தச் சொன்னாள்.
அங்கே தாரில் வெளிறிய மஞ்சளாய் ஏதோ இருந்தது.
பழைய அம்பா, யாரோ சிந்திய எண்ணெயா,
எனக்குத் தெரியவில்லை.
அவள் அதன்மேல் அடிக்காமல்
ஒரு முழம் தள்ளி அடித்தாள்.

மறுநாள் நூற்றுப் பதினேழு பேர் வந்து சேர்ந்தார்கள்.
மூன்று பேர் ஜே-யில் தொலைந்தார்கள்.
சோளம் மீந்தது.
நாயைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.