ஏழாம் தலைமுறை

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சிக்னல் வராது.
திரையில் இருப்பதைப் படித்து, மனதில் வைத்து,
எழுந்து போய்
தலையை மழைக்குள் நீட்டிச் சொல்ல வேண்டும்.

ஹட்டன் கடையில் இருந்து நஸ்மி கேட்கிறான்:
"புரொசசர்னு ஒரு வரி இருக்கும் அக்கா,
அதுல என்ன போட்டிருக்கு?"
இன்டெல்.
"அது சரி. அதுக்குப் பிறகு?"
திரும்பப் போனேன். திரும்ப வந்தேன்.
ஐ மூன்று, ஒரு சின்னக் கோடு,
ஏழு, ஒன்று, பூச்சியம், பூச்சியம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதிலில்லை.
யாரோ சிங்களத்தில் பென்டிரைவ் விலை கேட்கிறார்கள்.
"ஏழாம் தலைமுறை அக்கா.
புது விண்டோஸ் எட்டுல இருந்துதான் எடுக்கும்."

எத்தனையாம் தலைமுறை என்று
இந்த மலையில் முன்னும் கேட்டிருக்கிறார்கள்.
கடுதாசி காட்டியிருக்கிறோம்,
ஒன்று குறைந்திருக்கிறது.
அதை நஸ்மியிடம் சொல்லவில்லை.
பட்டியல் எழுதியது அவனா, பாவம்.

மெசினில் ஒரு குறையும் கிடையாது.
கொழும்பில் ஏதோ காப்புறுதிக் கம்பனி கழித்தது.
வீட்டுக்காரர் கம்பளியில் சுற்றி
தலவாக்கலை வரை ரயிலில் மடியில் வைத்தே வந்தார்,
பிள்ளைக்குப் பால் பழக்குகிற மாதிரி குனிந்துகொண்டு.
ஆறு வருஷம்.
மரண உதவிச் சங்கக் கணக்கு முழுக்க அதற்குள்.
நூற்றிப் பதினாறு குடும்பம், மாதம் இருநூறு ரூபாய்.
இனிக் கணக்கைப் புதுச் செயலியில்தான் அனுப்பணுமாம்,
செயலிக்குப் புது விண்டோஸ் வேணுமாம்,
விண்டோஸுக்கு எட்டு வேணுமாம்.

முகப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை
ஈரத்துணியால் துடைத்தேன்.
தூசியில் எட்டு ஏழாய்த் தெரிந்திருக்கலாம் அல்லவா.
இல்லை. பளிச்சென்று ஏழு.

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு
நாத்தனார் பாக்கியவதி எட்டிப் பார்த்தாள்.
"பதினெட்டுக் கிலோவுக்குப் பதினேழு எடுத்தா
அரைப் பேராவது போடுவான்.
இவன் அதுவும் போட மாட்டானா?"

போட மாட்டான்.
களவாய் ஏற்ற ஒரு வழி இருக்கு என்றான் நஸ்மி,
கேள்வி கேட்கிற இடத்தைத் தாண்டிப் போகிற வழி.
"ஆனா பிறகு ஏதும் நடந்தா
என்னைக் கேக்கக் கூடாது."
செத்தவர்களின் காசு அது. வேண்டாம் என்றேன்.
போர்டும் புரொசசரும் மாற்ற எவ்வளவு என்று கேட்டேன்.
சொன்னான்.
தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஆறரை இருக்கும்.
மேல் டிவிசன் பொடியன் டோர்ச்சோடு வாசலில்,
செருப்பில் அட்டை, அதைக்கூடப் பார்க்காமல்.
"குப்பமுத்து மாமா போயிட்டாரு.
பெட்டிக்குச் சொல்லணுமாம். சங்கக் காசு
காலையில கிடைக்குமான்னு கேட்டாங்க."

இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்ற கட்டத்தை
ஓரமாய்த் தள்ளிவிட்டுக் கணக்கைத் திறந்தேன்.
விசிறி இரைந்தது.
எழுபத்தி மூன்றாம் வரி, குப்பமுத்து, பத்தாம் நம்பர் லயம்.
ஆவணி இல்லை. புரட்டாசி இல்லை. ஐப்பசி இல்லை.

மூன்று மாதச் சந்தா பாக்கி என்றால் உதவி இல்லை.
சட்டம் அது.
நானே தட்டச்சு செய்து
கோயில் சுவரில் ஒட்டியது.
எழுத்து பெரிதாய்த் தெரியட்டும் என்று
அன்றைக்கு இரண்டு தரம் பிரிண்ட் எடுத்தேன்.

திரையில் இப்போது இரண்டு கட்டம்,
ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி.
பொடியன் என் முகத்தைப் பார்க்கிறான்,
முகத்தில் நீல வெளிச்சம் இருந்திருக்கும்.

புரொசசருக்கென்று சேர்க்கத் தொடங்கிய காசு
பால்மா டின்னில், அலமாரிக்குப் பின்னால்.
அறுநூறு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்.
எந்தத் தேதி போடுவது என்பதுதான்.

"உக்காரு தம்பி" என்றேன்,
எப்போதோ திறந்துவிட்ட கணக்குக்கு முன்னால்
எழுந்து நின்றுகொண்டு.
"பழைய மெசின்.
மெதுவாத்தான் திறக்கும்."