பிடியரிசிக் கணக்கு

சனிக்கிழமைதோறும் படியிறங்குவேன்.
ஐஸ்வாலில் தெரு என்றால் பெரும்பாலும் படிதான்;
மேல்வீட்டு வாசலில் நின்றால்
கீழ்வீட்டுத் தகரக்கூரை காலடியில் கிடக்கும்.
தோளில் கோணிப்பை, கையில் வில்தராசு,
கக்கத்தில் மாதர் சங்கத்தின் நீல அட்டைப் பதிவேடு.

உலையில் போடுமுன் ஒரு பிடி.
காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று,
கர்த்தருக்கென்று டப்பாவில் எடுத்துவைப்பார்கள்.
விரலிடுக்கில் பாதியை ஒழுகவிடுகிறவர்கள் உண்டு.
துமிங்கியின் பிடியோ
அவள் கையைவிடப் பெரியது.
எப்படியென்று நான் கேட்டதில்லை.

ரோச்சுங்கி வீட்டு டப்பா
மார்ச்சிலிருந்து காலி.
மகன் பைக்கோடு பள்ளத்தில் போன மாதம்.
கதவைத் திறப்பாள், டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவாள்,
கதவைச் சாத்துவாள்.
நான் அடுத்த வளைவில் குந்தி
என் வீட்டு அரிசியில் கொஞ்சம் நிறுத்து
அவள் பெயரில் எழுதுவேன்:
எழுநூறு கிராம்.
ஒன்பது மாதப் பொய்க்கணக்கு.
திருவிருந்துக்கு முந்தின இரவுகளில் மட்டும்
உறுத்தும்.

வழக்கமாய் இந்த அரிசியை விற்றுவிடுவோம்.
காசு ஊழியத்துக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும்,
ஒருமுறை ஆலயப் பறைக்குத் தோல்மாற்றப் போனது.
கிறிஸ்துமஸ் விருந்துக்கு லாரியில் வரும்
ஒரே ரகமாய், ஒரே வெள்ளையாய், வேறு அரிசி.
இந்த டிசம்பரில் காலந்தப்பிய மழை.
மலை சரிந்து சாலைமேல் படுத்துக்கொண்டது.

மூப்பர் வன்தாங்கா தாடையைத் தடவினார்.
"பிடியரிசியையே பொங்கிவிடுவோம்."
"நானூறு பேருக்கா?"
"நானூறு பேர் போட்டதுதானே."

எரித்து விதைத்த மலைச்சரிவின் சிவப்பு,
ரேஷன் கடைப் புழுங்கல்,
யார் வீட்டுச் சம்பந்தியோ அனுப்பிய ஒட்டரிசி,
குருணை, கல், ஒரு சட்டைப்பொத்தான்,
எல்லாம் ஒரே அண்டாவில்.
ஒன்று குழையும்போது
இன்னொன்று விறைத்துக்கொண்டு நின்றது.
விருந்துச் சமையல் எங்களில் ஆண்கள் வேலை.
துடுப்பைப் பிடித்துக்கொண்டு தர்க்கித்தார்கள்:
இறக்கு என்று ஆறு பேர்,
இறக்காதே என்று ஆறு பேர்.
சபைக்கமிட்டி மாதிரியே இருந்தது, புகை மட்டும் கூடுதல்.

ஜெபம் நீண்டது.
பன்றிக்கறியின்மேல் கொழுப்பு
வெள்ளையாய் உறையத் தொடங்கியது.
பிள்ளைகள் ஒரு கண்ணால் ஜெபித்தார்கள்.
தண்ணீர்த்தொட்டிக்காகப் பேச்சை நிறுத்திய இரண்டு வீட்டார்
முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.
சமாதானமெல்லாம் இல்லை,
இடமில்லை.

கடைசி வரிசையில், செருப்புகளை ஒட்டி,
ரோச்சுங்கி.
வந்ததை யாரும் பார்க்கவில்லை;
அல்லது எல்லோரும் பார்த்துவிட்டு
உப்பைக் கேட்டார்கள்.

ஒரு வாய் வைத்தாள். மென்றாள்.
"பாதி வேகவில்லை" என்றாள்.
மார்ச்சுக்குப் பின் அவள் என்னிடம் பேசியது அதுதான்.
தலை நிமிராமலே பிறகு கேட்டாள்:
"இதில் எது என் இருபத்தைந்து கிலோ?"

வருடக்கடைசி ஞாயிறு
பதிவேட்டை ஆலயத்தில் உரக்க வாசிப்பார்கள்.
எப்படி மறந்தேன்?
பெயரும் எடையும், பெயரும் எடையும்.
அவள் பெயருக்கு அன்று
கேட்பார் யாரும் இருமக்கூட இல்லை.

பொய் வாயில் வரவில்லை.
மெய்யும்தான்.
"இனிமேல் பிரித்தெடுக்க முடியாது" என்றேன்.
உளறல். ஆனால் அண்டாவைப் பொறுத்தவரை உண்மை.

அவள் சோற்றைக் கிளறினாள்.
சிவப்பில் ஒன்றை ஒதுக்கினாள், பார்த்தாள்,
திரும்பச் சேர்த்துக்கொண்டாள்.

சாறு வாளியோடு ரெம்ருவாட்டா வந்தான்,
அவள் மகனோடு ஒரே வகுப்பில் படித்தவன்.
போதுமென்று தட்டின்மேல்
கையைக் குடையாய் விரித்தாள்.
அவன் நகரவில்லை.
கரண்டி சொட்டிக்கொண்டிருந்தது
அவள் புறங்கைமேல், சூடாக.

முதலில் சுண்டுவிரல் விலகியது.
பிறகு மற்றவை.